மந்திரி அனங்காமல் இருந்த நேரம்

எனக்கு எண்பத்தொரு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் விட்டுப்போனது. படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. கடைப் பலகை வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். சொல்லப்போவது, ஒரு மந்திரியை நான் படம் எடுத்த விஷயம்.

அப்போது எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு சேரவில்லை. சர்க்கார் திருவனந்தபுரத்தில் இருந்தது. கொட்டாரம் ஊரில் எங்கள் வீட்டு முன்னறைதான் போட்டோக் கடை. படம் எடுப்பது என் வீட்டுக்காரர். இருட்டறையில் படம் விழுந்த கண்ணாடிப் பிளேட்டைக் கழுவுவதும், மாப்பிள்ளைமாரின் முகத்தழும்பைப் பிளேட்டில் பென்சில் வைத்து மறைப்பதும் நான். ஆட்கள் முன்னால் கேமராவை நான் தொட்டதில்லை. ஆனால் திரைக்குப் பின்னால் நின்று ஒன்பது வருஷம் கேட்டிருக்கிறேன். தொழிலை நான் காதால் படித்தவள்.

ஓர் ஆடி மாதம் அவருக்கு டைபாய்டு வந்து படுத்துவிட்டார். இரண்டு மாதமாகியும் எழுந்து நிற்கத் திராணியில்லை. என் கொழுந்தன் வந்து, கேமராவை வாங்க தக்கலையிலிருந்து ஒரு வியாபாரி வெள்ளிக்கிழமை வருகிறார் என்றான்.

"பெட்டி சும்மா கெடந்தா பூசணம் பிடிச்சிரும் மயினி."

"சும்மா கெடக்காது. நான் எடுப்பேன்."

"என்னத்த எடுப்பிய, சோத்துப் பானையையா?"

அவன் சிரித்தான். புதன்கிழமை ஊர் அரிசி மொத்த வியாபாரியின் ஆள் வந்தான். மறுநாள் மந்திரி முதலாளி வீட்டில் சாப்பிடுகிறாராம், படம் வேண்டுமாம். கொழுந்தன் முடியாது என்பதற்குள் நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மனதுக்குள் ஒன்று முடிவு செய்தேன். இந்தப் படம் விழுந்தால் பெட்டி எங்கள் வீட்டில் இருக்கும். விழாவிட்டால் வெள்ளிக்கிழமை நானே அதைத் தூக்கி வண்டியில் வைப்பேன்.

அந்த மந்திரி சாதாரண ஆள் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் தாசில்தாருக்கு ஊர் மாறும். அரிசி வியாபாரி வீட்டு முற்றத்தில் நான் கேமரா முக்காலியை விரிக்கிறபோதே வியாபாரிக்கு முகம் கறுத்துவிட்டது.

"வீட்டுல ஆம்பள இல்லியா?"

"காய்ச்சல்ல கெடக்காவ."

"ஒனக்கு எடுக்கத் தெரியுமா?"

"தெரியாமலா இதச் சொமந்துட்டு வந்தேன்?"

கொழுந்தன் தூணோரம் நின்று வேடிக்கை பார்த்தான். கையில் இரண்டே பிளேட்டு. சாரல் மழை, வெளிச்சம் மந்தம். கேமரா மூடியைக் கழற்றி மூன்று எண்ணும்வரை ஆள் அசையக்கூடாது, எங்கள் பேச்சில் சொன்னால் அனங்கக்கூடாது.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். கண்ணாடியில் மந்திரி தலைகீழாகத் தெரிந்தார். தென்னையேறுகிறவர் வந்தாலும் அதற்குள் அப்படித்தான் தெரிவார். ஆனால் தென்னையேறுகிறவர் சொன்னால் அசையாமல் இருப்பார். இவர் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. முதல் பிளேட்டில் மூடியைக் கழற்றினதும் குமாஸ்தாவை ஏசத் தலையைத் திருப்பினார். அது போயிற்று.

மிச்சம் ஒன்று. என் வீட்டுக்காரர் செய்கிற வரிசையை அப்படியே செய்தேன். துணிக்குள் பார்த்தேன், வெளியே வந்தேன், இடது கையைத் தூக்கினேன். அடுத்து அவர் என்ன சொல்வாரோ அது என் வாயில் தானாக வந்துவிட்டது.

"அனங்காம இரியும்வே!"

கடைக்கு வருகிற ஆண்களை அவர் அதட்டுகிற அதட்டு. ஒரு பெண்பிள்ளை, ஒரு மந்திரியைப் பார்த்து, ஆண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிற 'வே'. வியாபாரி வாயைப் பொத்திக்கொண்டார். மந்திரியின் முழங்கால் நின்றது. கண் இமைக்கவில்லை. நான் மூடியைக் கழற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூடினேன்.

"முடிஞ்சா?" என்றார்.

"முடிஞ்சு."

"இனி நான் அனங்கலாமா?"

அவர் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். போகிற வழியில் கொழுந்தன் சொன்னான்: "இன்னைக்குச் சிரிப்பாரு. நாளைக்குப் போலீசு வரும், பாத்துக்கிடுங்க."

போலீஸ் வரவில்லை. ராத்திரியே பிளேட்டைக் கழுவினேன். மருந்துத் தண்ணீரில் மந்திரியின் முகம் மெல்ல எழும்பி வந்தது. கூட்டத்தில் கர்ஜிக்கிற முகம் இல்லை அது. இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, சொன்னதைக் கேட்டு உட்கார்ந்த ஒரு மனிதர். எனக்கு அப்போது தோன்றியது: இவரை உட்கார் என்று சொல்ல இத்தனை வருஷம் ஆள் இருந்ததில்லை, அதனால்தான் அந்தக் கால் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது.

அரிசி வியாபாரி, மந்திரியின் கன்னத்து அம்மைத் தழும்பை அழித்துத் தரச் சொல்லியிருந்தார். எத்தனையோ கன்னங்களில் வைத்த பென்சிலை அந்தக் கன்னத்தில் நான் வைக்கவில்லை. அனங்காமல் இருந்தது அந்தத் தழும்புள்ள ஆள்தானே.

வெள்ளிக்கிழமை தக்கலை வியாபாரி வந்தார். மேசையில் காய வைத்திருந்த படத்தை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இத யாரு எடுத்தது?"

"நான்" என்றேன்.

"நம்ம மந்திரியா இது! இப்பிடி இருந்து ஒருநாளும் பாத்ததில்ல." கொழுந்தனிடம் திரும்பினார். "பெட்டிய மட்டும் கொண்டுபோயி நான் என்ன செய்யவே? மந்திரிய அதட்ட எங்க ஊர்ல ஆளு கெடையாது."

"அது சும்மா வெளையாட்டு. நீரு வெலையச் சொல்லும்" என்றான் கொழுந்தன்.

நான் கேமராவைத் துடைத்து, முக்காலியில் ஏற்றி, முன்னறையில் கதவைப் பார்க்க நிறுத்தினேன்.

"வெல கேக்காண்டாம். பெட்டி இங்கதான் நிக்கும். படம் எடுக்க வாற ஆளு உள்ள வரட்டு. மத்த ஆளு போயிக்கிடலாம்."

உள்ளே கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரர், "அவ சொன்னதுதான்" என்றார். இரண்டு மாதத்தில் அவர் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டது அன்றைக்குத்தான். அவர் எழுந்து நடமாடிய பிறகும் கேமராவை நான் விடவில்லை. முப்பத்திரண்டு வருஷம் எடுத்தேன்.

அந்தப் படத்தின் பின்பக்கம் கடை முத்திரை மட்டும் இருக்கிறது. எடுத்தது யாரென்று எழுத அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரியாது. அதற்காகத்தான் இது.

போதும் மக்கா, பேனாவ வையி. மொதல்ல இருந்து நிதானமா வாசி, நான் கேக்கேன். எங்கயாவது 'படம் எடுக்கப்பட்டது'ன்னு நீ எழுதியிருந்தியானா அத அடிச்சிட்டு, 'நான் எடுத்தேன்'னு எழுது.