உயாமி வீட்டுக் கோடரி

உயாமிக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அவளைத் திட்டுகிறவர்கள்கூட அவள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் திட்டுவார்கள்.

மலையில் ஓடும் சிக்கோ ஆற்றுக்கு இக்கரையில், மரக்கால்கள்மேல் உயர்த்திக் கட்டி ஏணி வைத்து ஏறுகிற வீடு அவளுடையது. அக்கரை ஊரோடு அவள் அப்பா செய்த சமாதான உடன்படிக்கை, அவருக்குப் பிறகு அவள் பொறுப்பு. அதற்கு அடையாளமாக அக்கரைக்காரர்கள் கொடுத்த போர்க்கோடரியும் அவளிடம்தான் இருந்தது. முன்னால் பிறை அலகு, பின்னால் கூரான முள். ஒரு காலத்தில் தலை கொய்த ஆயுதம். உயாமி அந்த முள்ளைத் தரைப்பலகையில் குத்தி நிறுத்தி, காம்பைக் காலால் மிதித்துக்கொண்டு, அரிவாள்மணையில் காய் அரிகிறமாதிரி பன்றிக்கறி வெட்டுவாள். சும்மா தொங்கவிட்டால் துருதானே பிடிக்கும்?

அந்த வருஷ அறுவடையின்போது இக்கரைப் பையன் ஒருவன், நெல்லில் இறங்கி மேய்ந்த எருமையை வெட்டிப் போட்டான். எருமை லும்பாயாவுடையது. அந்தக் கோடரியைக் கொடுத்தவரின் மகன், இப்போது அக்கரையில் உடன்படிக்கையைக் காப்பவர் அவர், உயாமிக்குச் சம்பந்தியும்கூட. அவள் ஒரே மகள் அம்மாய் அவர் வீட்டு மருமகள். அவர் வந்து கோடரியைத் திரும்ப வாங்கிக்கொண்டால் உடன்படிக்கை முறிந்தது. அப்புறம் மகள் அங்கே, தாய் இங்கே. ஆற்றைக் கடக்கிற உயிருக்கு உத்தரவாதமில்லை.

அறுவடை விருந்துக்கு அவள் கறி வெட்டிக்கொண்டிருந்தபோது லும்பாயா ஏணியடியில் வந்து நின்றார்.

"எங்கப்பா கோடரியக் குடு."

"மேல வாங்க சம்பந்தி. தண்ணி குடிச்சிட்டுப் பேசலாம்."

"உன் வீட்டுத் தண்ணி எனக்கு வேணாம்."

வேண்டாம் என்றதற்குக் காரணம் இருந்தது. ஒரு வீட்டுத் தண்ணீரைக் குடித்தவன் அந்த வீட்டோடு பகை கொள்ளக் கூடாது. மலை முழுக்க அதுதான் வழக்கம்.

"அப்போ கறிய வெட்டிட்டுத் தர்றேன். ஊரே பசியோட நிக்குது" என்று அவள் வேலையைத் தொடர்ந்தாள். கறி நார்நாராகக் கிழிந்தது.

லும்பாயாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா இது, வெட்டுறியா பிய்க்கிறியா? எங்கப்பா இத எப்படி வச்சிருந்தாரு தெரியுமா?"

"எனக்கு அந்தக் கை வரலையே. நீங்களே தீட்டிக் குடுங்க."

அவர் விறுவிறுவென்று ஏறி வந்து வாசலில் உட்கார்ந்தார். உயாமி தீட்டுக்கல்லையும், கல்லை நனைக்கச் சுரைக்குடுவையில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். தீட்டினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மறுபடி தீட்டினார். உச்சி வெயிலில் வேர்த்துக் கொட்டியது. அலகு பளபளத்தது, அவர் முகமும்தான். அந்தச் சந்தோஷத்தில் குடுவையில் மிச்சமிருந்ததை அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்துவிட்டார்.

கீழே கறிக்குக் காத்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

லும்பாயா குடுவையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "இது எப்படி இவ்வளவு மொட்டையாச்சு?"

"நீங்க ஆத்துல இறங்குறப்பவே பாத்துட்டேன். பாறையில நல்லாத் தேய்ச்சேன்."

"அடிப்பாவி!" சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஆனா எருமைக்கு எருமை வந்தாகணும்."

"வெட்டுனவன் வீட்டு எருமை அதோ கட்டியிருக்கு. போறப்போ ஓட்டிட்டுப் போங்க."

அவர் கோடரியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். உயாமி ஏணியைப் பார்த்தாள்.

லும்பாயா உள்ளே போய் அதன் முள்ளைப் பலகையில் ஓங்கிக் குத்தினார். காம்பை மிதித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கறிய இந்தப் பக்கம் தள்ளு."