ஓரம் வெட்டிய பச்சைப் படம்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து, பால் காய்ச்சி, முந்தைய நாளின் டைரிக் குறிப்பை எழுதி முடித்து, திருப்பதியிலிருந்து சித்தூர் பஸ் பிடித்தேன். மாம்பழக்கூழ் ஆலை முதலாளி ஒருவர், கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று கட்டடப் பொறியாளரான என்னிடம் சான்றிதழ் கேட்டிருந்தார். அவர் அறையில், பெருமாள் படத்துக்குப் பக்கத்தில், சட்டம் போட்ட ஒரு கம்ப்யூட்டர் படம் தொங்கியது. முழுக்கப் பச்சை. வலது ஓரம் கோணலாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய கை யாருடையது என்று பார்த்ததுமே தெரிந்தது. அந்த வளாகமே அழுகிய பழத்தோலில் நாறிக்கொண்டிருந்தது.

திருப்பதியில் நான் முதலில் வேலை பார்த்த வடிவமைப்பு அலுவலகத்தை நடத்தியவரைச் சார் என்றுதான் எல்லோரும் சொல்வோம். பேனா மூடியால் காது குடைவார். அதே மூடியால் என் திரையைத் தொட்டுக் காட்டுவார். அவர் போன பிறகு திரையைத் துடைப்பேன். இந்த ஆலையின் கணக்கு எங்களிடம்தான் வந்தது. கீழே லாரி நுழைய வேண்டும் என்பதால் நடுவில் தூண் கிடையாது; மேல்தளத்துக் கூழ்த்தொட்டிகளின் பாரம் முழுவதும் ஒரே டீப் பீமின் மேல். டீப் பீம் பார்ப்பதற்குச் சுவர் போல உயரமாக இருக்கும். சாதாரண உத்தரத்தைப் போல வளைந்து சுமக்காது. பாரம் அதன் உடம்புக்குள் சாய்வாக இறங்கி இரு முனைத் தூண்களுக்கும் போய்ச் சேரும். அந்தச் சாய்ந்த வழியில் ஓட்டை போடக் கூடாது. குழாய் கொண்டுபோக ஆலைக்காரர்கள் ஓட்டை கேட்டது சரியாக அங்கேதான்.

பீமைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு அழுத்தம் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டேன். விடை நிறங்களாக வரும். எந்த நிறம் எந்த எண் என்று வலது ஓரத்தில் ஒரு பட்டை சொல்லும். ஓட்டைக்கும் தூணுக்கும் நடுவே செக்கச்சிவப்பு. சார் ஓட்டையை நகர்த்தவில்லை, கம்பியைக் கூட்டவில்லை. பட்டையின் உச்ச எண்ணை உயர்த்தினார். அழுத்தம் அதேதான், சிவப்பு மட்டும் மஞ்சளாயிற்று. இன்னும் உயர்த்தினார், பச்சையாயிற்று. அச்செடுத்து, கத்தரிக்கோலால் அந்தப் பட்டையை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"கஸ்டமருக்குக் கலர் போதும்மா. நம்பர் குடுத்தா கேள்வி வரும்."

ஒப்புக்கொள்ள முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, ஓட்டையை நடுப்பக்கம் மாற்றிவிட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். நம்பினேன். அவர் இறந்தபோது இரங்கல் கூட்டத்தில் கம்ப்யூட்டர் மேதை என்று புகழ்ந்தார்கள். அதையும் உட்கார்ந்து கேட்டேன்.

இப்போது ஆலைக்குள் போய்ப் பார்த்தால், ஓட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. பீமுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஓட்டையிலிருந்து தூணை நோக்கிச் சாய்வாக, பெயின்டுக்கு அடியில் விரிசலைப் பட்டி வைத்துப் பூசிய தடம் புடைத்துத் தெரிந்தது. அதற்கு நேர் கீழே, ஈக்களை விரட்டியபடி, பழம் பிரிக்கும் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு இடம் இல்லையா என்று கேட்டேன்.

"இந்த நெழலு சில்லுனு கீது மேடம். எப்பவும் இங்கதான் குந்திக்கினு துன்றோம்" என்றாள் ஒருத்தி.

"மொதலாளிக்கு ஏசி ரூமு, எங்களுக்கு இந்த ரூமு" என்றாள் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொட்டிகளைக் காலி செய்யச் சொன்னதும் முதலாளி, "சீசன் அயிப்போனி மேடம்" என்று தெலுங்கில் ஆரம்பித்தார். சீசன் முடியட்டும், அப்புறம் எதுவானாலும் செய்யலாமாம். பிறகு சுவரைக் காட்டினார். "சார் குடுத்த படத்துல எல்லாம் பச்சையாத்தான இருக்குது?"

படத்தைக் கழற்றி அவர் மேஜையில் வைத்தேன். "இந்தப் பச்சை எவ்வளவுன்னு சொல்லுங்க."

அவர் விரல் படத்தின் மேல் தேடிக்கொண்டே போய், கோணல் ஓரத்தில் நின்றது. அதற்கப்பால் ஒன்றும் இல்லை.

சான்றிதழ் கிடையாது என்றேன். இன்றே அந்தப் பெண்களை அப்புறப்படுத்தித் தொட்டிகளைக் காலி செய்யாவிட்டால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதுவேன் என்றும் சொன்னேன்.

"சாரு இப்டிப் பேச மாட்டாரு" என்றார்.

"மாட்டார்தான்."

படத்தைத் தள்ளி வைத்துவிட்டு டேங்கர் லாரிக்குப் போன் செய்தார். சாயங்காலத்துக்குள் தொட்டிகள் வற்றின. பீமுக்கு அடியில் இரும்பு முட்டுக் கொடுத்ததைப் பார்த்த பிறகுதான் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை போனபோது பெண்கள் வேப்பமரத்தடியில் டிபன் கேரியர்களை வைத்திருந்தார்கள். அந்தச் சில்லென்ற நிழல் போய்விட்டதென்று என்னைப் பார்த்து முணுமுணுத்தார்கள். முதல் வேலையாக ஏணியில் ஏறி, அந்தப் பச்சையையும் பட்டியையும் சுரண்டி, விரிசலின் அகலத்தை அளந்து, கான்கிரீட்டின் மேலேயே பெரிதாக எழுதினேன்: 1.1 மி.மீ., 12.6.2024.