தூளியோடு வந்த ஐந்தாம் வகுப்பு

1. இன்ஸ்பெக்ஷன்

நான் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டே எங்கள் பள்ளியின் ஐந்தாம் வகுப்பை மூடிவிடப் பார்த்தார்கள்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. காரைக்காலில் பஸ் ஏறி, கடலோர ஊர் ஒன்றின் அரசு தொடக்கப் பள்ளிக்குத் தினமும் போய் வந்தேன். வயல் தெருப் பிள்ளைகள் முன் பெஞ்சில் இருந்தார்கள், மீனவர் தெருப் பிள்ளைகள் பின்னால். யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. தினமும் வருகிறவர்கள் முன்னாலும் எப்போதாவது வருகிறவர்கள் பின்னாலும் உட்கார்ந்து பழகிவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று, பின் பெஞ்சிலிருந்த கனகாவை எழுப்பி வாசிக்கச் சொன்னார். அவள் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்து எழுப்பப்பட்ட பக்கத்துப் பெண், எழுந்ததுமே அழுதுவிட்டாள்.

ஹெச்.எம். அறைக்குள் போனதும் இன்ஸ்பெக்டர் சொன்னார்: "பாதிப் பேரு வர்றதே இல்ல. வர்றதும் தேறல. இதுக்கு எதுக்குங்க அஞ்சாங்கிளாஸ்? நாலோட நிறுத்திட்டு, படிக்கிற புள்ளைங்கள டவுன் ஸ்கூலுக்கு அனுப்பிடுங்க. இந்த வருஷமும் ரிசல்ட் இப்படியே இருந்தா நான் மேல எழுதிடுவேன்."

அவர் போனபின் ஹெச்.எம். பெருமூச்சு விட்டார். "கடக்கரைப் புள்ளைங்களுக்குப் படிப்பு ஏறாது டீச்சர். நானும் ரொம்ப வருஷமாப் பாக்கறேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. டவுனுக்கு அனுப்பினால் பையன்களில் சிலர் போவார்கள். பெண் பிள்ளைகள், எந்தத் தெருவாக இருந்தாலும், வீட்டோடு நின்றுவிடுவார்கள்.

2. கனகாவின் வீடு

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே போய் மீனவர் தெருவில் நுழைந்தேன். வீட்டு வாசலில் கனகா கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா அஞ்சலை, கரையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் தூக்கிக்கொண்டு அம்பகரத்தூர்ப் பக்கம் போயாயிற்று. உச்சிப் பொழுது தாண்டித்தான் திரும்புவாள். அடுத்தடுத்த வீடுகளிலும் இதே காட்சிதான். அம்மாக்கள் விற்பனைக்குப் போயிருந்தார்கள், மூத்த பெண்கள் குழந்தைகளோடு இருந்தார்கள்.

"ஸ்கூலுக்கு வர ஆசையில்லையா?" என்றேன்.

"தம்பிய யாரு டீச்சர் பாத்துக்குவா?"

"தம்பியையும் தூக்கிட்டு வா."

யோசித்துச் சொன்னதல்ல அது. கனகா இடுப்பில் தம்பியோடு வந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். ஒரு வாரத்தில் வகுப்பு கைக்குழந்தைகளால் நிரம்பிவிட்டது. ஒன்று அழத் தொடங்கினால் எல்லாம் சேர்ந்து அழும். நான் கரும்பலகையில் எழுதுவேன், என் குரல் எனக்கே கேட்காது.

"இது ஸ்கூலா, பிரசவ வார்டா?" என்று ஹெச்.எம். தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஒருநாள் மத்தியானம் அஞ்சலை காலிக் கூடையோடு பள்ளி வாசலில் வந்து நின்றாள். உள்ளே இருந்த கூத்தைப் பார்த்தாள். நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் சொன்னதையும் மறைக்கவில்லை. அவள் கூடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். என்மேல் கோபம் என்றே நினைத்தேன்.

மறுநாள் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அஞ்சலைதான் பேசினாள்.

"நாளையிலேருந்து ஒரு நாளைக்கு ஒருத்தி இங்க நிக்கிறோம் டீச்சர். அவ மீனையும் நாங்களே சேத்துத் தூக்கிட்டுப் போயி வித்துக் குடுத்துர்றோம். பச்சப்புள்ளைங்கள அவ பாத்துக்குவா. எங்க புள்ளைங்களுக்கு எழுத்தச் சொல்லிக் குடுக்குறது உங்க பொறுப்பு."

பள்ளி முற்றத்துப் பூவரச மரத்தில் பழைய புடவைகளால் தூளிகள் கட்டினார்கள். ஹெச்.எம். மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நடத்துங்க" என்றார்.

3. கீற்று

பிள்ளைகளின் இடத்தை மாற்றினேன். நன்றாக வாசிக்கிற ஒருவர் பக்கத்தில் தடுமாறுகிற ஒருவர். வயல் தெரு வசந்தாவின் பக்கத்தில் கனகாவை உட்கார வைத்தேன். உடனே வசந்தாவின் அப்பா நடராஜன் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"என்ன டீச்சர், ஸ்கூல்ல தூளி கட்டியிருக்கீங்களாம்? எம்பொண்ணு அவளுக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தா, இவ எப்பங்க படிப்பா?"

"அரைப் பரீட்சை வரைக்கும் பொறுத்துக்குங்க. வசந்தா மார்க்கு கொறஞ்சா நானே அவள இடம் மாத்திடறேன்."

கனகாவுக்குப் புரிகிறவரை விடாமல் சொல்லிக்கொடுத்ததில், மனப்பாடம் செய்தே பழகியிருந்த வசந்தாவுக்குக் கணக்கு உண்மையிலேயே விளங்க ஆரம்பித்தது. அரையாண்டில் அவள்தான் முதல். கனகாவும் தேறியிருந்தாள்.

நடராஜன் மறுபடி வந்தார். இம்முறை மாட்டு வண்டியில். மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பச்சக் கொழந்தைங்க மேல வெயில் அடிக்குது. கீத்து கொண்டாந்திருக்கேன்" என்று ஆட்களோடு இறங்கி, மரத்தை ஒட்டிப் பந்தல் போட்டுவிட்டுப் போனார்.

4. செய்தித்தாள்

அடுத்த இன்ஸ்பெக்ஷனுக்கு அதே இன்ஸ்பெக்டர். பந்தலுக்குள் ஆடிய தூளிகளைப் பார்த்தவர், நேராக வகுப்புக்குள் வந்தார். அன்று கனகாவின் தம்பிக்குக் காய்ச்சல். தூளியில் இருக்க மாட்டேன் என்று அவள் தோளில் தொற்றிக்கொண்டிருந்தான்.

"பாடப் புத்தகம்னா மனப்பாடமா ஒப்பிப்பாங்க" என்று சொல்லி, தன் பையிலிருந்து அன்றைய செய்தித்தாளை எடுத்துக் கனகாவிடம் நீட்டினார்.

அவள் எழுந்து நின்றாள். முதல் வரியில் ஒரு சொல்லில் தடுக்கினாள். தன்னை நிதானப்படுத்திக்கொண்டு, எழுத்துக் கூட்டி அதைத் தாண்டினாள். அதன்பின் நிற்கவில்லை. புயல் எச்சரிக்கைச் செய்தி அது.

"என்ன புரிஞ்சுது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இன்னிக்கு யாரும் போட்ட கடல்ல எறக்கக் கூடாது சார். எங்கப்பாகிட்ட போயி சொல்லணும்."

அதற்குள் தம்பி கையை நீட்டிச் செய்தித்தாளை இரண்டாகக் கிழித்துவிட்டான். இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். வகுப்பே சிரித்தது.

போகும்போது ஹெச்.எம்.மிடம் சொன்னார்: "அஞ்சாங்கிளாஸ் இருக்கட்டும். இன்னொரு டீச்சரும் போடச் சொல்லி எழுதறேன்."

அந்த ஆண்டு இரண்டு தெருப் பிள்ளைகளும், ஒருவர் விடாமல் தேறினார்கள். படிப்பு ஏறாது என்று சொன்ன அதே ஹெச்.எம்., முற்றத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று ஒவ்வொரு பெயராகக் கத்தினார். ஒவ்வொரு பெயருக்கும் கடற்கரைப் பெண்கள் குலவையிட்டார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிற ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். ரிசல்ட் ஷீட்டில் ஒரு பிள்ளை தேறவில்லை என்று மட்டும்தான் இருக்கும். ஏன் என்பது அவள் வீட்டு வாசலில் இருக்கும். போய்ப் பாருங்கள்.

ஆறாம் வகுப்பில் சேர்க்கப் பெண்களை டவுன் பள்ளிக்கு நானே அழைத்துப் போனேன். அங்கிருந்த கிளார்க், நிமிர்ந்து பார்க்காமலே "அம்மா என்ன பண்றாங்க?" என்று கனகாவைக் கேட்டார். பின்னால் நின்ற அஞ்சலை முன்னே வந்தாள்.

"நான் மீன் விக்கிறேன். எம்பொண்ணு படிக்கிறா. ரெண்டையும் எழுதிக்குங்க."