இரண்டு வீட்டுக்கும் ஒரே அளவு

காலாண்டு விடுமுறைக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு காரில் நான்கு நாள் சுற்றிவிட்டு வரலாம் என்று என் கணவர் சொன்னபோது, அதில் முதல் நாள் முழுக்க அவருடைய சொந்தக்காரர்களுக்கு என்பதைச் சொல்லவில்லை. மாமல்லபுரம் தாண்டிய பிறகுதான் சொன்னார். அதற்குள் திரும்பிப் போக முடியாத தூரம் வந்துவிட்டோம் என்ற கணக்கு அவருக்கு.

காரைக்காலுக்கு மேற்கே, நெடுங்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் அவருடைய பெரியப்பாவும் சித்தப்பாவும் இருக்கிறார்கள். என் மாமனார் நடுப்பிள்ளை. அவர் வேலைக்காகச் சென்னைக்கு வந்து, அங்கேயே இருந்து, அங்கேயே காலமாகிவிட்டார். ஊரில் மீதியிருந்த இருவரும் அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக வெட்டிக்கொண்டார்கள். கூடத்து ஜன்னல் ஒன்று சரியாகச் சுவர் வந்த இடத்தில் இருந்தது. இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது அதில் மூன்று கம்பி பெரியவர் பக்கம், மூன்று கம்பி சின்னவர் பக்கம்.

அவர்கள் ஒருவரோடொருவர் பேசிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒரு வருடம் காவேரித் தண்ணீர் தாமதமாக வந்தபோது, பெரியவர் வயலில் கட்டியிருந்த தண்ணீர் விடிவதற்குள் சின்னவர் வயலுக்குப் போய்விட்டது. தம்பி வரப்பை வெட்டிவிட்டான் என்றார் அண்ணன். நண்டு வளை வழியாக உடைந்துபோயிற்று என்றார் தம்பி. வரப்பை உடைத்தது மம்பட்டியா நண்டா என்ற இந்த ஒரே கேள்வியில் இரண்டு குடும்பமும் பன்னிரண்டு வருடத்தைப் போக்கிவிட்டன. அந்த வயல்களை இருவருமே இப்போது குத்தகைக்கு விட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த இரண்டு வீடுகளுக்கும் போவதற்கு என் மாமியார் வகுத்துவைத்த சட்டங்கள் உண்டு. ஒரே கடையில், ஒரே எடையில் இரண்டு பெட்டி இனிப்பு. ஒரே நிறத்தில் இரண்டு புடவை. ஒரு வீட்டில் மதியச் சாப்பாடு என்றால் இன்னொரு வீட்டில் வயிறு முட்ட டிபன். ஒரு வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தோமோ அதே நேரம் அடுத்த வீட்டிலும். சிதம்பரத்தில் நாங்கள் காபி குடிக்க நிறுத்தியபோது போன் செய்து இதையெல்லாம் மறுபடியும் ஒப்பித்தார். என் கணவர் அலுவலகத்தில் நாற்பது பேரை மேய்க்கிறவர். அம்மாவிடம் "சரிம்மா, சரிம்மா" என்று மட்டும் பதினோரு முறை சொன்னார்.

நானும் ஒன்றும் ஒழுங்கில்லை. சீர்காழி வரும்போது பின்சீட்டில் இருந்த ஏழு வயது மகளுக்குப் பாடம் எடுத்தேன்.

"சின்னத் தாத்தா வீட்ல, பெரிய தாத்தா வீட்ல என்ன சாப்பிட்டேன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"சாம்பார் சாதம்."

"இல்ல. ஞாபகம் இல்லன்னு சொல்லணும்."

"ஞாபகம் இருக்குமேம்மா."

"இருந்தாலும் இல்லன்னு சொல்லணும்."

பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லாதே என்று சொல்லித்தருகிறார்கள், நீ ஏன் இப்படி என்று கேட்பவள் போல என்னைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். நான்கு வயதுப் பையன் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை.

காரைக்கால் எல்லைக்குள் நுழைந்ததும், அதுவரை வற்றவிட்டு ஓட்டிவந்த வண்டிக்கு அங்கே விலை குறைவு என்பதால் பெட்ரோல் போட்டுக்கொண்டு, ஏதோ நாட்டையே ஏமாற்றிவிட்டவர் போல என் கணவர் சிரித்தார். நெடுங்காட்டுச் சாலையில் பாதி அகலத்துக்குக் குறுவை நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். அதன் மேல் ஏறாமல் வளைத்து வளைத்து ஓட்டி, ஊர் போய்ச் சேர மணி பன்னிரண்டாகிவிட்டது.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதற்கும் சட்டம் இருந்தது. இரண்டு வாசலுக்கும் நடுவில். என் கணவர் இறங்கிப் பார்த்து, மறுபடி ஏறி, அரை அடி பின்னால் எடுத்து, முன்சக்கரம் ஒரு வாசலுக்கும் பின்சக்கரம் ஒரு வாசலுக்குமாக நிறுத்தினார். பெரியவர் வெளியே வந்தார். எங்களை வாங்க என்பதற்கு முன்னால் வண்டியைத்தான் பார்த்தார்.

"வண்டி மூஞ்சி அந்தப் பக்கமாவுல்ல இருக்கு" என்றார்.

அவர் காரைக்காலில் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் எல்லோரையும் மனு கொடுக்க வந்தவர்களாகத்தான் பார்ப்பார். மகளை எதிரில் நிறுத்தி ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டச் சொன்னார். அவள் முதல் வார்த்தையைச் சரியாகச் சொன்னாள். இரண்டாவதையும் சொன்னாள். தப்பு வரும்வரை விடாமல் கேட்டு, ஏழாவது வார்த்தையில் தப்பு வந்ததும், "இவ்ளோ பீஸ் கட்டி இதான் படிக்கிதா" என்று திருப்தியோடு நாற்காலியில் சாய்ந்தார்.

புரட்டாசி மாதம், அதனால் மீன் இல்லை. சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், பருப்பு வடை. பெரியவருடைய மனைவி, பெரிய அத்தை, நன்றாகச் சமைப்பார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் பையன் வடையை நான்காகப் பிய்த்து ஒரு துண்டைத் தின்றுவிட்டு எழுந்துவிட்டான். அவனுக்கு அந்த வயதில் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் அக்கறை, மிருகங்கள். வழியெல்லாம் மாடு, கொக்கு, நாய் என்று எண்ணிக்கொண்டு வந்தவன்.

"தம்பி, நண்டு பாக்கிறியா?" என்றார் பெரியவர்.

கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். நான் கை கழுவுகிற சாக்கில் பின்னாலேயே போனேன். கொல்லை ஓரமாக ஓடிய வாய்க்கால் கரையில் ஒரு துளையைக் குச்சியால் காட்டினார்.

"இதான் நண்டு வளை. இதுல இருக்கிறது சின்ன நண்டு. பெரிய நண்டு ஒண்ணு பக்கத்து வீட்ல இருக்கு."

"எவ்ளோ பெரிசு தாத்தா?"

"ஆளு உசரம். ரெண்டே காலுதான் அதுக்கு. கையில மம்பட்டி வச்சிருக்கும். மம்பட்டியால வரப்பை வெட்டும்."

பையனின் கண்கள் விரிந்ததைப் பார்த்தேன். பெரியவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தையும் பார்த்தேன். குழந்தையோடு விளையாடுகிற தாத்தாவின் சந்தோஷம் இல்லை அது. மனுவை எந்த மேசைக்கு அனுப்பினால் எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்தவரின் சந்தோஷம். அப்போதே பையனைத் தனியாக இழுத்துப்போய் அந்த நண்டைப் பற்றிப் பேசாதே என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெயில், வயிறு நிறையச் சாப்பாடு, பக்கத்து வீடு, அப்புறம் அம்பகரத்தூர் அத்தை வீடு என்று இன்னும் இரண்டு வீடு பாக்கி என்ற சலிப்பு. அதோடு, உண்மையைச் சொன்னால், என்ன நடக்கிறது பார்ப்போம் என்ற அற்ப ஆசையும் கொஞ்சம் இருந்தது.

இரண்டரை மணிக்குப் பக்கத்து வீட்டுக்கு நகர்ந்தோம். சின்னவருடைய மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அதனால் வீட்டின் முன்பக்கம் மட்டும் புதிது. கண்ணாடி போல டைல்ஸ், தூணுக்குத் தங்க வண்ணம், கூடத்தில் உடம்பு பிடித்துவிடும் நாற்காலி. நாற்காலியின் மேல் வாங்கியபோது இருந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் எடுக்கவில்லை. அதில் இதுவரை யாருமே உட்கார்ந்ததில்லை என்று சின்னவர் பெருமையாகச் சொன்னார்.

"அங்க என்னா சாப்பாடு?" என்று அடுத்ததாக என் மகளைக் கேட்டார்.

"ஞாபகம் இல்ல தாத்தா" என்றாள் அவள், என் முகத்தைப் பார்த்தபடி.

சின்ன அத்தை தட்டில் கேசரியும் பருப்பு வடையும் கொண்டுவந்து வைத்தார். வடையைக் கடித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதே சோம்பு, அதே ஓரம் கருகல். பக்கத்து வீட்டு வடை. நிமிர்ந்து பார்த்தேன். சின்ன அத்தை என் பார்வையைப் பிடித்து, உதட்டை இறுக்கி, லேசாகத் தலையசைத்தார். கொல்லைச் சுவரில் செங்கல் பெயர்ந்த ஓட்டை ஒன்று இருக்கிறதாம். பன்னிரண்டு வருடமாக அதன் வழியாகக் கறிவேப்பிலையும் குழம்பும் வடையும் போய்வருகின்றன என்று, தட்டை வைக்க நான் பின்னால் போனபோது அடுப்படியில் கிசுகிசுத்தார். ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த வீட்டில் பெண்கள் ஒரே சட்டியில்தான் வடை சுட்டிருக்கிறார்கள். ஒரே எடை இனிப்பும், ஒரே நிறப் புடவையும், அரை அடி பின்னால் எடுத்த வண்டியும் யாருக்காக என்று நினைத்துக்கொண்டே நான் கூடத்துக்குத் திரும்பியபோது என் பையன் சின்னவர் முன்னால் போய் நின்றான்.

"சின்னத் தாத்தா, உங்க வீட்டு நண்டைக் காட்டுங்க."

"என்னா நண்டு கண்ணு?"

"பெரிய நண்டு. மம்பட்டி வச்சிருக்குமே. வரப்பை வெட்டுமே. பெரிய தாத்தா சொன்னாங்க, இங்கதான் இருக்காம்."

என் கணவர் கேசரிக் கரண்டியை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டார். சின்னவர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகக் கொல்லைக்குப் போனார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே ஓடினோம்.

"பச்சப் புள்ளைகிட்ட என்னா சொல்லி அனுப்பினே?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார்.

மூச்சு விடக்கூட நேரமில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உடனே பதில் வந்தது. பெரியவர் அங்கேயே நின்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"உள்ளதத்தான் சொன்னேன்."

"நான் வெட்டல. நண்டு வளை."

"ஒரு வயக்காட்டுத் தண்ணி மொத்தமும் நண்டு வளையில போவுமா? எத்தன நண்டுடா?"

"வளை ஒண்ணு இருந்தா போதும். வெவசாயம் பண்ணவனுக்குத் தெரியும். ஆபீசுல உக்காந்து எழுதினவனுக்கு என்னா தெரியும்?"

இப்படிக் கால் மணி நேரம். அறுபத்தைந்து வயதும் எழுபது வயதும் ஆன இரண்டு ஆண்கள், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத இடத்தில் நின்றுகொண்டு, நண்டைப் பற்றிக் கத்தினார்கள். என் பையன் பயந்துபோய் அழ ஆரம்பித்தான். நண்டு எங்கே என்று கேட்டவனுக்கு என்ன குற்றம் செய்தோம் என்று புரியவில்லை. மகள் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அழுகைச் சத்தம் கேட்டதும் சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அதென்னா புள்ள அது? இங்க கேட்டத அங்க சொல்லுது. வளர்ப்பு சரியில்ல."

சின்னவர் கொஞ்சம் யோசித்தார்.

"அதச் சொல்லுங்கண்ணே" என்றார்.

பன்னிரண்டு வருடம் கழித்து வந்த அண்ணே. சின்ன அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்கப்புறம் பேச்சு தங்கு தடையில்லாமல் ஓடியது. மெட்ராஸில் பிள்ளைகளுக்குக் கண்டிப்பே இல்லை என்றார் அண்ணன். பெரிய பொண்ணுக்கு இந்த வயதிலேயே ஞாபகமறதி, மதியம் தின்றது தெரியவில்லை என்றார் தம்பி. வடையை வீணாக்கியது என்றார் அண்ணன். எழுத்துக்கூட்டத் தெரியவில்லை என்றார் மறுபடியும். அம்மா வேலைக்குப் போனால் அப்படித்தான் என்று இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போனேன்.

"பெரிய மாமா, நண்டுக் கதையை அவனுக்குச் சொன்னது நீங்கதானே?"

"நாங்க பெரியவங்க. ஆயிரம் பேசுவோம்" என்றது சுவர்.

"பெரியவங்க பேசிக்கட்டும்மா, நீ ஏன் குறுக்க வர்றே" என்றார் சின்னவர், ஒரு நிமிடத்துக்கு முன்னால் அதே பெரியவரோடு மல்லுக்கு நின்றவர்.

என் கணவர் என் முழங்கையைத் தொட்டு, "கெளம்பலாம்" என்றார். நாற்பது பேரை மேய்க்கிறவர் அன்றைக்கு முழுவதும் தானாக எடுத்த ஒரே முடிவு அது.

அம்பகரத்தூரில் அவருடைய அத்தை வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேருவதற்கு முன்பே செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. அத்தை வாசலிலேயே என் பையனின் கன்னத்தைப் பிடித்து, "என்னா சொன்னே, எனக்கும் சொல்லு" என்றார். அவன் சொல்லவில்லை. மிட்டாய் கொடுத்தார். அப்போதும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரைக் கூப்பிட்டு அவரே நடித்துக் காட்டினார். அங்கிருந்து கிளம்பி வந்த வழியெல்லாம் பையன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதையும் எண்ணாமல் வந்தான். அந்த நாளில் நான் மன்னிக்காத விஷயம் அதுதான்.

தை மாதம் குடும்பத்தில் ஒரு கல்யாணம். அண்ணனும் தம்பியும் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் இலைக்கு ஒருவர் பாயசம் போடச் சொன்னார்கள். வருகிற போகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் எங்கள் பிள்ளைகளின் வளர்ப்பைப் பற்றி, ஒருவர் தொடங்க ஒருவர் முடிக்க, அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் மாமியாருக்கு ஆனந்தம். "உன் புள்ளையாலதான் ஒண்ணு சேந்தாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை விடுவித்துக்கொண்டேன். இரண்டு கிழவர்கள் பேசிக்கொள்வதற்கு நான்கு வயதுப் பிள்ளையைக் குற்றவாளியாக்க வேண்டியிருந்தது என்றால், அந்த ஒற்றுமையில் எனக்குப் பங்கு வேண்டாம்.

இந்த வருடமும் போனோம். காரைக்கால் கடற்கரையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, நானும் பிள்ளைகளும் இறங்கிக்கொண்டோம்.

"அவங்க கேட்டா என்ன சொல்றது?" என்றார் என் கணவர்.

"உள்ளதைச் சொல்லுங்க" என்றேன்.

சாயங்காலம் வரை மணலில் இருந்தோம். மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம், மகள் இரண்டு, பையன் மாவை மட்டும். ஆறு மணிக்கு என் கணவர் வந்து சேர்ந்தார். முகம் வாடி, வயிறு உப்பி, கையில் இரண்டு தூக்குச்சட்டியோடு. என்ன நடந்தது என்று அவர் சொல்லத் தொடங்கினார். பிள்ளைகளுக்குக் கால் கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் குழாயடிக்கு நடந்தேன்.