பத்தொன்பதாவது குறை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கம்போல் வாசலில் மழைமானியைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. பேசியது ஜெயா, என் நண்பர் சவரிமுத்து அவர்களின் ஒரே மகள்.

"சார், அப்பா போயிட்டாங்க. வெள்ளனே நெஞ்சு வலிக்குதுன்னாங்க. வண்டி வர்றதுக்குள்ள..."

ஆறுதலாக ஏதோ சொன்னேன். ஆனால் என் மனதில் முதலில் எழுந்த எண்ணம், இனி அந்தப் படகு யாருக்கு என்பதுதான். அஞ்சலிக் கட்டுரையில் இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இதை விட்டுவிட்டால் மீதி எதுவும் உண்மையாக இராது.

கொடைக்கானலில் ஒரு பள்ளியில் அவர் பேருந்து ஓட்டுநர், நான் கணக்கு ஆசிரியர். இருவருக்கும் வீடு வடகவுஞ்சியில். இருபத்தாறு ஆண்டுகள் அவருடைய பேருந்தில் முன் இருக்கையில் அமர்ந்து பிள்ளைகளை எண்ணியிருக்கிறேன். ஒவ்வொரு வளைவிலும் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். "நீங்க கம்பியை விட்டாலும் பஸ் ஓடும் மாஸ்டர்" என்பார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். வாத்தியாரை மாஸ்டர் என்று அழைக்கும் அந்த வழக்கம் கடைசிவரை அவரிடம் இருந்தது.

படகு ஆசை என்னுடையது. இதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். ஓய்வு பெற்றபின் ஒரு மீன்பிடிப் படகு வாங்க வேண்டும் என்று மூன்று ஆண்டுகள் நோட்டுப் புத்தகத்தில் குறிப்பெடுத்தேன். பழனிக்குப் பக்கத்து அணையில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் ஒரு பழைய ஃபைபர் படகை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு, சவரிமுத்து அவர்களைத்தான் துணைக்கு அழைத்துப் போனேன். கரையில் புளியமரத்தடியில் படகு கவிழ்ந்து கிடந்தது. பதினான்கடி நீளம். விரலால் தட்டித் தட்டிப் பார்த்துப் பதினெட்டுக் குறைகளை எழுதினேன். அடியில் விரிசல், உட்காரும் பலகை உளுத்தது, துடுப்பு ஒன்று இல்லை, இப்படி. கடைசியில் பத்தொன்பதாவதாக, 'வாங்குபவருக்கு வயது அறுபத்தாறு' என்றும் எழுதினேன். குத்தகைக்காரரிடம் யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

இரண்டு மாதம் யோசித்தேன். ஒருநாள் டீக்கடையில் அவர் கேட்டார்.

"அந்தப் படகை நீங்க வாங்கலையா மாஸ்டர்?"

"இல்லை. குறை அதிகம்."

"அப்ப அந்த லிஸ்டைக் குடுங்க. நான் வாங்கிக்கிறேன்."

அந்தக் காகிதம் அவரைப் பயமுறுத்திவிடும் என்று நம்பித்தான் கொடுத்தேன். அவரோ அதைத் தன் கொட்டகைக் கதவில் ஆணியடித்து மாட்டிவிட்டார். நான் வாங்காமலிருக்க எழுதிய காரணங்கள் அவருக்கு வேலைப் பட்டியலாகிவிட்டன.

பழனிச் சந்தையில் முட்டைக்கோஸ் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய லாரியில் படகு மலையேறி வந்தது. ஊரே கூடிவிட்டது. எதிர்வீட்டுப் பாண்டியம்மா, "என்ன டிரைவரே, மலைக்கு வெள்ளம் வரப்போகுதுன்னு ரேடியோவில சொன்னாங்களா?" என்றார். "வந்தா உங்களை ஏத்த மாட்டேன், படகு தாங்காது" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு, அந்தக் கூட்டம், எனக்கு வந்திருக்க வேண்டியவை என்றே தோன்றியது.

ஒவ்வொரு மாலையும் போய்ப் பார்ப்பேன். பேருந்துக்கு ஒட்டுப்போட்ட கை. பலகையும் துடுப்பும் பத்து நாளில் புதிதாகின. பிறகு அடிவிரிசல். கண்ணாடி நார்ப்பாயை வைத்து ரெசின் என்ற பிசினைப் பூச வேண்டும். அது இறுகுவதற்காகக் கலக்கும் மருந்தின் டப்பாவை என்னிடம் நீட்டினார். "இங்கிலீஷ், அதுவும் பொடி எழுத்து. என்ன போட்டிருக்கான், படிங்க மாஸ்டர்."

கலக்கும் அளவைப் படித்தேன். அடுத்த வரியில், குளிரிலும் ஈரத்திலும் இது இறுகாது, வெதுவெதுப்பான இடத்தில் பூசவும் என்று இருந்தது. வெளியே மேகம் தரையோடு போய்க்கொண்டிருந்தது. "அவ்வளவுதான்" என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

பதினோரு நாள் அந்த ஒட்டு காயவில்லை. தொட்டால் பிசுபிசுத்தது. அவர் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசினார், அதுவும் காயவில்லை. "ஏன் மாஸ்டர் இது இப்பிடிக் கெடக்கு?" என்று என்னைத்தான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அந்தப் பதினோரு நாளும் நான் நன்றாகத் தூங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் போனபோது, படகைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே கோழிக்குஞ்சுகளுக்குப் போடும் பெரிய பல்புகளை எரியவிட்டிருந்தார். ஒட்டு கல்லாக இறுகியிருந்தது.

"என் பேத்தி டப்பாவைப் படிச்சா. குளிர்ல காயாதுன்னு அதுலயே போட்டிருக்காம் மாஸ்டர்."

என் காது சூடாயிற்று.

"உங்க கண்ணைக் காட்டணும். சொன்னா கேளுங்க. நாளைக்குப் பழனி போவோம்."

போனோம். பார்வை நன்றாக இருக்கிறது, இதே கண்ணாடி போதும் என்றார் மருத்துவர். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர் பதற்றத்தோடு எழுந்து, "என்ன சொன்னாங்க?" என்றார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. "கொஞ்சம் மங்கல்தானாம்" என்றேன்.

அன்றிலிருந்து நான்கு ஆண்டுகள், எந்தப் படியில் ஏறினாலும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "படி இருக்கு மாஸ்டர், பாத்து." கல்யாண வீட்டில், கோயிலில், பேருந்தில். கல்யாணப் பத்திரிகையைக்கூட எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். கையை உதறிவிடவும் முடியாது, சொல்லவும் முடியாது.

படகு அணைக்குத் திரும்பியது. குத்தகைக்காரரின் சம்மதத்தோடு வாரம் ஒருமுறை இறங்கிப் போய் வலை போடுவார். தண்ணீரின் நடுவிலிருந்து கை காட்டி அழைப்பார். தலைசுற்றல் என்று சொல்லிக் கரையில் நிற்பேன். "ஒரு தடவைதான் தண்ணியில வந்தேன் மாஸ்டர், அந்தக் கப்பலையும் வேற ஒருத்தன் ஓட்டினான். இப்பப் பாருங்க!" என்று கத்துவார். பிடித்த கெண்டையில் ஒரு பங்கு என் வீட்டுக்கு வரும். என் மனைவி குழம்பு வைத்து, "அண்ணன் கைராசி" என்பாள். முள்ளைத் தவிர அந்த மீனில் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஏழாம் நாள் ஜெபம் முடிந்ததும், ஜெயா அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"படகையும் லிஸ்டையும் உங்ககிட்டக் குடுக்கச் சொல்லி அப்பா முன்னமே சொல்லியிருக்காங்க சார்."

என் சிறிய கையெழுத்தில் பத்தொன்பது வரிகள். பதினெட்டுக்கு எதிரே சிவப்பு மசியில் சரி என்ற குறி. பத்தொன்பதாவது அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே, என் மங்கலான கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று, அங்குல உயரத்தில் எழுதியிருந்தார்: 'இது படகோட குறை இல்ல. ஏறுங்க மாஸ்டர்.'

நேற்று ஜெயாவின் கணவரோடு அணைக்குப் போனேன். படகு கரையில் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கரைச் சேற்றிலிருந்து படகுக்குள் ஓர் எட்டு. என்னை அறியாமல் முழங்கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். பிடிக்க யாரும் இல்லை. ஏறி, அவர் போட்ட பலகையில் உட்கார்ந்தேன். கீழே அந்த ஒட்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் கசியவில்லை.

சவரிமுத்து, போய் வாருங்கள். டப்பாவில் இருந்த அந்த வரியை நான் அன்றே படித்தேன். என் கண் நன்றாகத்தான் இருந்தது.