சகாயராஜின் வேலைச் சட்டை

விழுப்புரம் பைபாசில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஜெயமேரியிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, அவரு போயிட்டாரு" என்றாள். திண்டிவனத்தில் லாரி ஓட்டியவர்களுக்கெல்லாம் அவள் கணவர் பிரேக் சகாயராஜைத் தெரிந்திருக்கும். நானும் அவரும் ஒரே பட்டறையில் வேலை செய்தவர்கள்.

பழைய பிரேக் லைனிங்கைக் கழற்றியதும், உள்ளே படிந்திருக்கும் சாம்பல் நிறத் தூளைக் காற்றுக் குழாயால் ஏர் அடித்து ஊதித் தள்ளுவார். தலையும் மீசையும் நரைத்துப்போய் நிற்பார். கிண்டல் செய்தால், "வண்டிய ஓட வெக்க ஆயிரம் பேரு இருக்கான். நிக்க வெக்க நான்தாம்பா" என்பார். அந்தத் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

மூச்சு வாங்க ஆரம்பித்து விலாவில் நீர் கோத்தபோது, டிபி என்றுதான் மாத்திரை கொடுத்தார்கள். பேத்திக்கு ஒட்டிவிடுமென்று பயந்து தட்டு, டம்ளர், பாய் எல்லாவற்றையும் தனியாக்கிக்கொண்டார். மாத்திரை கேட்கவில்லை. பிறகு புதுச்சேரியில் சதை எடுத்துப் பார்த்து, மீசோதீலியோமா என்றார்கள். நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் வரும் புற்றுநோய். எப்போதோ சுவாசித்த தூள் பல வருடம் கழித்துக் காட்டும் வேலை என்று டாக்டர் விளக்கினார். யாருக்கும் ஒட்டாது என்றும் சொன்னார். சகாயராஜ் சிரித்துவிட்டார். "அப்ப பேத்திய தூக்கலாமா சார்?" என்று கேட்டார்.

பக்கத்திலிருந்த ஜெயமேரியைக் காட்டிக் கேட்ட அடுத்த கேள்வியில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. "என் சட்டைய இவதான் தெனமும் ஒதறித் தொவச்சிக்கினு இருந்தா. அந்தத் தூளு இவளுக்கும் போயிருக்குமா?"

போயிருக்கலாம், அவர்களையும் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். ஜெயமேரிக்கு எடுத்த படத்தில் இப்போதைக்கு ஒன்றுமில்லை. தொடர்ந்து பார்த்துவர வேண்டும். சகாயராஜ் அதன்பின் தன் நோயைப் பற்றிப் பேசியதே இல்லை. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் என்னிடம் ஒன்றையே சொன்னார்: "பட்டறையில மாட்டியிருக்கிற என் சட்டை அவ கைக்கு வரக் கூடாதுபா. நீ பாத்துக்க."

நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் பட்டறை ஆட்கள் அந்தக் காக்கிச் சட்டையை, சவப்பெட்டிக்குள் வைக்கட்டுமென்று மரியாதையாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். ஜெயமேரி அதை முகத்தோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தனை சனத்துக்கு நடுவில் கையை நீட்டிக் கேட்டேன்.

"தெரியும்ணா. ஆனா அவரு வாசம் இதுலதான இருக்கு" என்றாள்.

பிடுங்கித்தான் வாங்கினேன். சொந்தக்காரர்கள் திட்டினார்கள். தூள் பறக்காதபடி தண்ணீரில் நனைத்து, பையில் கட்டி, ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தேன். இப்போது எங்கள் பட்டறையில் யாரும் ஏர் அடிப்பதில்லை, தூளை ஈரத்துணியால்தான் துடைக்கிறோம். வேலைச் சட்டையோடு ஒருவரையும் வீட்டுக்கு விடுவதில்லை. சகாயராஜிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பிடிவாதமும், அன்று வெறுங்கையோடு என்னைப் பார்த்த ஜெயமேரியின் முகமும்தான்.