தரையோடு வந்த குளிர்

எங்கள் முதல் பெண்குழந்தை மாதம் நிறையும் முன்பே பிறந்துவிட்டாள். கியூர்பிப் என்ற மலையூருக்குக் கீழே, சரிவில், எங்களுக்கு இரண்டு துண்டுக் கரும்பு நிலமும் புல் வேய்ந்த ஒரு பலகை வீடும் இருந்தன. ஜூலை மாதம், எங்கள் தீவில் குளிர்காலம். மழை விட்டபாடில்லை.

பிரசவத்துக்குப் பின் மனைவிக்குக் கடும் காய்ச்சல். அது பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தேன். அவளைக் கட்டிலில் விட்டு, பிள்ளையைத் தரையில் பாயில் கிடத்தி, பக்கத்தில் கரி அடுப்பை வைத்தேன். கதவைச் சாத்தப் போனபோது, பிரசவம் பார்த்த பக்கத்து வீட்டுக் கிரியோல் அம்மாள் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

“பா ஃபெர்ம் லாபோர்த், மிஸ்யே!”

கதவை மூடாதே ஐயா என்று தன் கிரியோல் மொழியில் கத்தினாள். அடைத்த அறையில் கரி எரித்துத் தன் அண்ணனும் அண்ணியும் தூக்கத்திலேயே செத்துப்போனதைச் சொன்னாள். கதவை ஒரு சாண் திறந்தே வைத்தேன்.

“என்னங்க, புள்ள காலு சூடா இருக்கா?” கட்டிலிலிருந்து மனைவி கேட்டாள்.

தொட்டேன். சில்லென்றிருந்தது. “இருக்கு, இருக்கு” என்றேன்.

இன்னும் கரி போட்டேன். நின்றால் தலை வேர்த்தது. குனிந்தால் கணுக்கால் விறைத்தது. நெருப்பு பெருகப் பெருகத் தரையில் குளிர் கூடியதே தவிரக் குறையவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அதே அடுப்பில் மனைவிக்கு நொய்க்கஞ்சி வைத்தேன். கொதி வருவதற்கு முன்பே நொய் நடுவில் மேலே எழும்பியது. விளிம்புக்கு நகர்ந்து, சட்டியின் ஓரமாக இறங்கி, மறுபடி நடுவுக்கு வந்தது. சற்று நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சட்டியை இறக்கிவிட்டுக் கங்கில் சாம்பிராணி போட்டேன். புகை நேராகக் கூரைக்கு ஏறியது. புல்லுக்கு அடியில் பரவி, எதிர்ச்சுவரை ஒட்டி இறங்கியது. கதவிடுக்கில் வந்த காற்றோடு சேர்ந்து, தரையோடு தரையாக, பிள்ளையின் பாயைக் கடந்து அடுப்புக்கே திரும்பியது.

சூடெல்லாம் கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அது ஏற ஏற, அந்த இடத்தை நிரப்ப வெளிக்குளிர் உள்ளே வந்தது. வரும் வழியில்தான் என் மகளைப் படுக்க வைத்திருந்தேன். கதவை மூடினால் கரியின் நச்சு, திறந்தால் இது.

பிள்ளையை வாரி எடுத்துக் கட்டிலில் மனைவியின் மார்மேல் போட்டேன்.

“ஐயோ, காய்ச்சல் ஒட்டிக்கும்னீங்களே!”

“ஒட்டட்டும். ஒன் சூடாவது கெடைக்கட்டும்.”

மதியத்துக்குள் குழந்தையின் பாதம் வெதுவெதுப்பானது. அன்று சாயங்காலம் பால் குடித்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது. மறுநாளும் குடித்தாள். அதற்கு அடுத்த நாள் பால் கடைவாயில் வழிந்தது. கிரியோல் அம்மாள் வந்து பார்த்தாள். தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் குழந்தை போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்தபோது மனைவி காய்ச்சல் விட்டு உட்கார்ந்திருந்தாள்.

“மொத நாளே எங்கிட்ட குடுத்திருந்தா?”

மாதம் நிறையாத பிள்ளை. எப்படியும் போயிருப்பாள் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையா என்பதே எனக்குத் தெரியாது. அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. அறுவடைக்குக் கரும்பாலை திறந்திருந்தது. மறுநாள் மழையிலேயே கரும்பு வெட்டப் போனேன்.